அநாதை என்றொரு சொல்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சில சொற்களின்மேல் தீராத சந்தேகம் உண்டு. எனக்கு அப்படிப்பட்ட சொல், 'அநாதை'. பெற்றவர்கள் இல்லாவிட்டால் என்ன? பாட்டி இருக்கிறாள், சித்தப்பா இருக்கிறார், ஊர் இருக்கிறது. அந்தப் பிள்ளையா அநாதை?

கனடாவின் பூர்வகுடி மக்கள் வரலாற்றைப் படித்தபோது, உறவு நிறைந்த குழந்தைகளை அரசாங்கமே அநாதைகளாக்கிய விந்தையைக் கண்டேன். சுமார் 1,50,000 குழந்தைகள் விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே தாய்மொழி பேசினால் தண்டனை. பிறகு, 1950களிலிருந்து 1980கள் வரை, ஆயிரக்கணக்கான குழந்தைகள் வேற்றினத்தார் வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சில வீடுகளில் கொடுமை. சில வீடுகளில் பால் இருந்தது, படுக்கை இருந்தது, பரிவுகூட இருந்தது. 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்ற கேள்விக்குத்தான் விடை இல்லை.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2021 குடிக்கணக்கின்படி, பதினைந்து வயதுக்குட்பட்டோரில் பூர்வகுடிக் குழந்தைகள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை; வளர்ப்பு வீடுகளிலோ பாதிக்குமேல் அவர்கள்தாம். பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், 'கவனிப்பின்மை'. அந்தச் சொல்லைக் கொஞ்சம் சுரண்டினால் உள்ளே வறுமையும் இடநெருக்கடியும் தெரியும். பூர்வகுடிக் குடியிருப்புகளின் குழந்தை நலத்துக்கு அரசு குறைவாகப் பணம் தந்தது பாரபட்சமே என்று 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது.

2020இல் நடப்புக்கு வந்த சட்டம் இரண்டு நல்ல காரியங்களைச் செய்கிறது. ஏழ்மை ஒன்றையே காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிரிக்கத்தான் வேண்டுமென்றால், பிள்ளை போகவேண்டிய இடங்களையும் வரிசைப்படுத்துகிறது: பெற்றவர்களில் ஒருவர், உறவினர், சொந்தச் சமூகத்தார், வேறொரு பூர்வகுடிச் சமூகத்தார், அதற்கும் பிறகே மற்றவர்கள். பூர்வகுடிச் சமூகங்கள் தங்கள் குழந்தைகளுக்குத் தாங்களே சட்டம் இயற்றலாம் என்றும் சொல்கிறது. 2024இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

அந்த வரிசையை நான் இருமுறை படித்தேன். கிரீ இனத்தாரிடம் 'வாக்கோட்டோவின்' என்றொரு சொல் உண்டு. உறவுமுறை என்று பொருள். நிலமும் நீரும் விலங்கும்கூட அந்த உறவில் சேர்த்தி. அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே இருந்த சட்டத்தை, பாராளுமன்றம் இத்தனை காலம் கழித்துத் தன் பாஷையில் எழுதியிருக்கிறது!

எழுதினால் போதாது. ஆண்டுக்கொரு நாள் மேளம் கொட்டிக் காட்டிவிட்டால் பிள்ளைக்குப் பண்பாடு வந்துவிடாது. கிரீப் பிள்ளைகள் 'கோக்கும்' என்று அழைக்கும் பாட்டி பக்கத்தில் இருக்கவேண்டும். பாட்டியின் வீடு ஒழுகுகிறதா? பேரனை நூறு காதம் அனுப்ப ஆகும் செலவில் கூரையைப் பழுதுபார்த்துக் கொடுக்கட்டுமே.