இழுக்காத வண்டி

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நிற்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டுகள்தான் அடையாளம். மெக்கானிக் அண்ணன் மொபெட்டைத் தவிர வேறு வண்டியைத் தொடுவதில்லை. 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50ஐ, ஸ்டாண்டு போட்டுப் பெடல் மிதித்துக் கிளப்பிய காலத்திலேயே தொழில் பழகியவர். கிளட்ச் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன்.

எக்ஸ்எல் வண்டியில் கிளட்ச் லீவர் இல்லை. ஐட்லிங்கில் ஓடும்போது கிளட்ச் ஷூக்களைச் சிறு ஸ்பிரிங்குகள் உள்பக்கம் இழுத்து வைத்திருக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சுழற்சி கூடி, ஷூக்கள் வெளியே விரிந்து டிரம்மைக் கவ்வும், வண்டி நகரும். ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சிக்கலும் அதில்தான். மாற்றிப் போடக் கியர் கிடையாது என்பதால், நின்ற இடத்திலிருந்து பாரத்தைக் கிளப்பும் பாடு முழுக்கக் கிளட்சின் தலையில் விழுகிறது. எக்ஸ்எல் 100இன் எஞ்சின் 99.7 சிசி, நாலரைக் குதிரைசக்திகூட இல்லை. அதில் மனிதர்கள் ஏற்றும் மூட்டைகளைப் பார்த்தால், இந்தக் கிளட்ச் இவ்வளவு நாள் தாங்குவதே எனக்கு அதிசயமாகப் பட்டது.

இளநீர் வியாபாரி ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “அண்ணே, இழுக்கவே மாட்டேங்குது. கிளட்ச் போயிருச்சு.”

“போயிருச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டா நான் எதுக்கு?” என்றவர் ஸ்பானரைத் தொடவில்லை. பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். பிரேக் உரசினாலும் வண்டி இழுக்காதாம். சக்கரம் தாராளமாகச் சுற்றியது. செயினையும் அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: “முறுக்குறப்ப சத்தம் ஏறுதா, ஏறலையா?”

பாதி நோய் இந்த ஒரு கேள்வியில் பிரிந்துவிடுகிறது. சத்தமே ஏறவில்லை என்றால் எஞ்சினுக்குள் கோளாறு: பெட்ரோல் வரத்து, பிளக், ஏர் ஃபில்டர் என்று தேட வேண்டும். சத்தம் ஏறியும் வேகம் வராவிட்டால்தான் கிளட்ச் வழுக்குகிறது. பிறகு வண்டியில் உட்கார்ந்து, பிரேக்கை இறுகப் பிடித்து ஒரு கணம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தார். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அமுங்கித் திணற வேண்டும். இது கூச்சலிட்டுக்கொண்டே ஏறியது. உடனே விட்டுவிட்டார்; பிடித்தபடி வைத்திருந்தால் மிச்ச லைனிங்கும் கருகிவிடும்.

ஆயிலை வடித்தபோது தீய்ந்த வாடை வந்தது. அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, “என்ன ஆயில் ஊத்துனீங்க?” என்றார். மச்சான் கார் ஓட்டுகிறாராம், மீந்ததைக் கொடுத்தாராம். இந்த வண்டியில் எஞ்சின் ஆயிலில்தான் கிளட்சும் நனைகிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்கள். காருக்கு அது நல்லது; உராய்வை நம்பியே பிழைக்கும் இந்தக் கிளட்சுக்குக் கேடு. இருசக்கர வண்டி ஆயில் டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்று ஒரு குறி இருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு காலி டப்பாவைத் திருப்பிக் காட்டினார். டப்பாவை அப்படித் திருப்பிப் படிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை.

மூடியைக் கழற்றியதும், ஒட்டியிருந்த பழைய கேஸ்கட்டைச் சுரண்டும் வேலை உதவியாளரான இளைஞருக்கு. பட்டறையிலேயே பொறுமை கேட்கும் வேலை இதுதான் என்பேன். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் நாளைக்கு ஆயில் கசியும். அவர் அவசரப்படவேயில்லை.

டிரம் சூட்டில் மயில் கழுத்து நிறத்துக்கு வந்திருந்தது. அண்ணன் அதன் உள்விளிம்பில் விரலை ஓட்டினார்; பள்ளம் இல்லை, வைத்துக்கொள்ளலாம். லைனிங் கண்ணாடிபோல் பளபளத்தது. மேலோட்டமான பளபளப்பு என்றால் உப்புத்தாளில் தேய்த்து மாட்டலாம். இது கருகித் தேய்ந்தே போயிருந்ததால் ஷூ செட்டையே மாற்றச் சொன்னார். ஸ்பிரிங்குகளையும் மொத்தமாக மாற்றினார். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் அந்த ஷூ முந்திக்கொண்டு கவ்வும், கிளம்பும்போது வண்டி உதறும். எல்லாமே தளர்ந்தால் ஐட்லிங்கிலேயே வண்டி ஊரும்.

“மேட்டுல நிக்கிறப்ப பிரேக் பிடிக்கிறீங்களா, முறுக்கியே நிப்பாட்டுறீங்களா?”

வியாபாரி சிரித்தார். அரை முறுக்கில் வண்டியைச் சரிவில் நிறுத்தி வைப்பது பலருக்கும் பழக்கம். அப்போது ஷூ முழுசாகக் கவ்வாமல் டிரம்மில் தேய்ந்துகொண்டே இருக்கும்.

புது ஆயில் ஊற்றி, சந்து முனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “ரெண்டு நாள் பாரம் ஏத்தாதீங்க. ஷூ டிரம்மோட படியணும்.”

“நாளைக்குக் காய் இறங்குதுண்ணே. ரெண்டு நாளெல்லாம் ஆவாது.”

பேரம் கொஞ்ச நேரம் நடந்தது. கூலியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பாரத்தைப் பற்றித்தான். கடைசியில் நாளைக்குப் பாதி லோடு, மேட்டில் இறங்கித் தள்ளுவது என்று முடிவானது.