66 அடிச் சங்கிலி

ஊரில் 30 வருடம் நில அளவையாளராக இருந்த எனக்கு, பீற்றர்பரோப் பக்கத்துக் கிராம வீதிகளைப் பார்த்ததும் ஒன்று விளங்கியது: வீதிக்கென விட்ட நிலத்தின் அகலம் 66 அடி. நாங்கள் இழுத்த அதே சங்கிலியின் நீளம்!

கோடு போட்டபின்தான் குடும்பங்கள் வந்தன. 1825இல் பீற்றர் றொபின்சன் அயர்லாந்திலிருந்து 2,000 பேரளவில் கூட்டிவந்தார். பெரும்பாலும் ஏழைக் கத்தோலிக்கர்கள். நகரத்துக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. பலருக்கு 100 ஏக்கர், அதாவது எங்கள் கணக்கில் 1,600 பரப்பு. அரைப் பரப்புக்கு வேலிச் சண்டை பிடிக்கிற ஊரிலிருந்து வந்தவனுக்குத் தலை சுற்றாதா?

ஆனால் கிடைத்தது வயல் இல்லை, பெருங்காடு. மரத்தைத் தறித்து, குவித்து, எரித்து, சாம்பலைப் பொட்டாஷ் காய்ச்ச விற்றார்கள். பலர் கண்ட முதல் காசு அதுதான். அடிக்கட்டைகள் உக்கும்வரை அவற்றுக்கிடையே உருளைக்கிழங்கும் கோதுமையும். டூரோவில் குடியேறிய கத்தரின் பார் ட்ரெயில் இந்த வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூல் 1836இல் வந்தது. அதே காட்டில் தங்கை சுசானா மூடி தான் பட்ட பாட்டை 1852இல் எழுதினார். எனக்குத் தங்கையைத்தான் பிடிக்கும். அவர் புலம்பத் தயங்கவில்லை.

அதற்கெல்லாம் முன்பு அது மிசிசாகா மக்களின் நிலம். 1818 ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 740 பவுண் பெறுமதியான பொருட்களுக்கு, முடிக்குப் போனது. நானும் எத்தனையோ படங்களில் ‘அரச காணி’ என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அதற்கு முதல் யாருடையது என்று எழுத அந்தப் படங்களில் இடம் விடுவதில்லை.