முதல் பந்தியில் ஒரு நாள்

"அம்மா, தயவு செய்து உட்காரேன்! தட்டெல்லாம் அவங்க எடுத்துப்பாங்க!"

என் பெண் அன்று ராத்திரி இப்படிச் சொன்னது நான்காவது தடவை. நான் என்ன செய்வது? சாப்பிட்டு முடித்த உடனே என் கை தானாகத் தட்டுகளை அடுக்கப் போய்விடுகிறது. நாற்பது வருஷப் பழக்கம் அல்லவா!

இது நடந்தது ஜப்பானில், ஹாக்கோனே என்ற மலை ஊரில், ஒரு பழைய பாணி விடுதியில். இந்த மாதிரி விடுதியை ரியோகான் என்கிறார்கள்.

2023 ஜூன் மாதம். டோக்கியோவில் இருக்கும் என் பெண்ணுக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று போயிருந்தேன். பேரனுக்கு ஏழு மாதம். அவள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். ஒரு நாள் அவள் "முடியலைம்மா" என்றபோது, என் வாய் சும்மா இருக்கவில்லை. "நாங்க எல்லாம் எட்டுப் பேருக்குச் சமைச்சு, ரெண்டு பிள்ளைங்களையும் வளர்க்கலையா? ஒரு நாளாவது அலுத்துக்கிட்டிருப்போமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. அன்று ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், சமையலறையில் பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டே அழுதுகொண்டிருக்கிறாள். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்துவிட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மாப்பிள்ளை கவனித்திருக்க வேண்டும். "அத்தை, ஒரே ஒரு ராத்திரி. நீங்க ரெண்டு பேரும் ஹாக்கோனே போயிட்டு வாங்க. குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்றார். அந்த விடுதிகளில் அறைக்கு வாடகை இல்லை. ராத்திரிச் சாப்பாடு, காலைப் பலகாரம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. தொகையைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. "இந்தக் காசுக்கு ஒரு மாச மளிகை வாங்கலாமே!" என்றேன். யார் கேட்டார்கள்?

ஷின்ஜுக்கு ஸ்டேஷனிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேர ரயில் பயணம். அப்புறம் மலை ரயில். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏறும் செங்குத்தான பாதை. மூன்று இடங்களில் ரயில் நின்று, பின்பக்கம் முன்பக்கமாக மாறி ஏறுகிறது. ஜூனில் அங்கே மழைக்காலம். தண்டவாளத்தின் இரு பக்கமும் நீலமும் ஊதாவுமாக ஹைட்ரேஞ்சியாப் பூக்கள், ஜன்னலைத் தொடுகிற மாதிரி. ஊட்டியில் பார்த்திருப்பீர்களே, அதே பூதான்.

விடுதி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். நம்ம வீட்டு வழக்கம்தானே என்று எனக்கு மகா திருப்தி! அறையில் கட்டிலோ நாற்காலியோ இல்லை. கோரை வகைப் புல்லில் நெய்த தத்தாமி என்ற தடித்த பாய்தான் தரை. புதுப்பாய் வாசனை! காகிதம் ஒட்டிய மரக் கதவுகள். சுவரில் ஒரு மாடம், அதில் தொங்கும் ஓவியம் ஒன்று, ஜாடியில் ஒற்றைப் பூ. அவ்வளவுதான் அலங்காரம். வெளியே மூங்கில் மேல் மழை பெய்யும் சத்தம் மட்டும்.

எங்கள் அறையைக் கவனிக்கிற அம்மாளுக்கு நக்காய்சான் என்று பெயர். பெயரென்றால் சொந்தப் பெயர் இல்லை, அந்த வேலைக்கான பெயர். மண்டியிட்டுக் கதவைத் திறந்து, பச்சைத் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வைத்தாள். யுகாட்டா என்ற பருத்தி அங்கியை உடுத்திக்கொள்ளச் சொன்னாள். நான் வலது பக்கத்தை மேலே போட்டுக் கட்டிவிட்டேன். அவள் பதறிப்போய் மாற்றிக் கட்டிவிட்டாள். இடது பக்கம்தான் மேலே வர வேண்டுமாம். வலது மேலே வந்தால் இறந்தவர்களுக்கு உடுத்தும் முறையாம்!

அடுத்து வெந்நீர் ஊற்றுக் குளியல். பெண்களுக்குத் தனி இடம்தான். ஆனாலும் உடம்பில் துணியே இல்லாமல் இறங்க வேண்டும் என்றதும் எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. உள்ளே போனால் பாட்டிகளும் இளம்பெண்களும் அவரவர் பாட்டுக்குக் குளிக்கிறார்கள். ஒருத்தரும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுச் சுத்தமாகக் குளித்துவிட வேண்டும். அதற்கப்புறம்தான் தொட்டி. துண்டு கூடத் தண்ணீரில் படக்கூடாது.

"முதுகைக் காட்டும்மா" என்றாள் என் பெண்.

வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்து, ஓட ஓடப் பிடித்து உட்காரவைத்துக் குளிப்பாட்டிய பெண். இன்று என் முதுகைத் தேய்க்கிறாள்! என் முதுகை இன்னொரு கை தொட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன். நினைவு வரவில்லை.

தொட்டியில் கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்திருந்தபோது அவள் மெல்லச் சொன்னாள். "உன்னை மாதிரி என்னால முடியலையேன்னுதாம்மா அழுகை வருது."

அதற்கு மேல் என்னால் பொய்யைக் காப்பாற்ற முடியவில்லை. "நானும் அழுதிருக்கேன்டி. கொல்லையில கிணத்தடிக்குப் போய், ராட்டினச் சத்தத்துல யாருக்கும் கேக்காம அழுதிருக்கேன். அலுத்துக்கலைன்னு சொன்னது பொய்" என்றேன். அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

ராத்திரிச் சாப்பாடு அறைக்கே வந்தது. ஜப்பானியச் சாற்றில் பெரும்பாலும் மீன் சேரும். சைவம் என்றால் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் கடற்பாசியும் காளானும் போட்டுச் சாறு செய்திருந்தார்கள். சோயாப் பாலில் படியும் ஏடு, டோஃபு, மாவில் தோய்த்துப் பொரித்த காய்கள் என்று ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக் கிண்ணத்தில், ஒன்று தீர்ந்த பிறகே அடுத்தது. "சாதம் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில்தான் வந்தது, ஊறுகாயோடு!

அப்போதுதான் நான் தட்டுகளை அடுக்க, என் பெண் அதட்ட, நக்காய்சான் சிரிக்க, ஒரே அமளி. "நீ சுடச்சுட சாப்பிட்டு நான் இன்னிக்குத்தாம்மா பார்க்கறேன்" என்றாள் என் பெண். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அடுத்த நிமிஷமே அவள், "குழந்தை தூங்கியிருப்பானா? எடுத்து வச்ச பால் போதுமா?" என்று போனை எடுத்தாள். உட்காரத் தெரியாதவள் நான் மட்டும் இல்லை! அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது இதைத்தான். பேரன் தூங்கிவிட்டான் என்று தெரிந்த பிறகு, இருவரும் தரையில் விரித்த மெத்தையில் விடியும் வரை தூங்கினோம்.

மறுநாள் ஏரிக்கரையில் பழைய சோதனைச் சாவடியைப் பார்த்தோம். 1619-ல் ஏற்பட்டது. இன்று இருப்பது, பழையபடியே திரும்பக் கட்டி 2007-ல் திறந்தது. எடோ நகரில் பிணையாக வைக்கப்பட்ட பிரபுக்களின் மனைவிமார் தப்பிப் போகிறார்களா என்று, அங்கே பெண்களைக் கடுமையாகச் சோதிப்பார்களாம். கூந்தலைக்கூட அவிழ்த்துப் பார்க்க அதற்கென்று பெண்கள் இருந்தார்களாம். என் தலையைச் சோதித்திருந்தால், அடுப்பு, பால், மளிகைக் கணக்கு இவைதான் கிடைத்திருக்கும்!

வெந்நீர் ஊற்றுக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரிச் சூடு. சாப்பிட்ட உடனே இறங்காதீர்கள். பத்து நிமிஷம் போதும். எழும்போது மெதுவாக எழுந்திருங்கள், தலை சுற்றும். பிறகு நிறையத் தண்ணீர் குடியுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், புதிதாகப் பிரசவம் ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் போகக்கூடாது.

ஜப்பானுக்குப் போனால்தானா ஓய்வு? இல்லை. டோக்கியோ திரும்பிய மறுநாள் மத்தியானம் பேரன் தூங்கினான். கழுவ வேண்டிய பாத்திரம் குவிந்து கிடந்தது. நான் எழுந்தேன். என் பெண்ணும் எழுந்தாள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, இருவருமே படுத்துக்கொண்டோம்.

பாத்திரம் எங்கே போய்விடப் போகிறது?