தேர்ந்தெடுப்பவரைத் தேர்ந்தெடுத்தல்

காற்பந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவோர் கோல் போட்டவரைப் புகழ்வர். கோலைக் காத்தவரைப் புகழ்வர். குழு தோற்றுவிட்டால் பயிற்றுநரைப் பழிப்பர். அந்த ஆட்டக்காரரை முதன்முதலாக ஏதோ ஒரு சிற்றூர்த் திடலில் மழையில் நனைந்தபடி நின்று கண்டுகொண்டவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு கழகத்தின் வருங்காலம் பெரும்பாலும் அந்தப் பெயர் அறியாத மனிதரின் கண்களில்தான் அடங்கியிருக்கிறது.

இங்கிலாந்தில் உள்ள பெரிய கழகங்கள் ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரர்களைத் தேடித் தேர்ந்தெடுப்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அப்பிரிவினரைக் குறிக்க, சாரணரைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல்லையே அந்நாட்டார் வழங்குவர். முன்னே சென்று, நிலம் அறிந்து, வந்து சொல்வோர் என்பது அதன் பொருள். நாம் அவர்களைத் தேர்வாளர் எனலாம். அத்தேர்வாளர்களைப் பல ஊர்களுக்கும் நாடுகளுக்கும் அனுப்பி, அவர்கள் தரும் அறிக்கைகளை எடைபோட்டு, "இவரை வாங்கலாம், இவரை வேண்டாம்" என்று கழகத்திற்குச் சொல்பவரே தேர்வுப் பிரிவின் தலைவர். அப்பதவிக்குப் புதியவர் ஒருவர் அமர்த்தப்பட்டார் என்னும் செய்தி நாளேட்டின் மூலையில் நான்கு வரிகளாக வெளிவரும். கோடிக்கணக்கில் விலை பேசப்பட்ட ஆட்டக்காரரின் படமோ அரைப்பக்கத்தை அடைத்துக்கொள்ளும். எனக்கு அந்த நான்கு வரிகளே பெரிய செய்தியாகத் தோன்றுகின்றன. பிள்ளைகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டு முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை.

1967ஆம் ஆண்டில் லிவர்பூல் கழகத்தின் நிருவாகியாக இருந்த பில் ஷாங்க்லி, தலைமைத் தேர்வாளர் பொறுப்பை ஜெஃப் டுவென்டிமன் என்பவரிடம் ஒப்படைத்தார். இவர் உலகப் புகழ் பெற்றவர் அல்லர். கார்லைல் என்னும் சிறிய கழகத்தில் ஷாங்க்லி நிருவாகியாக இருந்த காலத்தில் அவரிடம் ஆடியவர். பின்னர் ஐம்பதுகளில் லிவர்பூல் குழுவிலும் ஆடியவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தாம் அறிந்த ஒரு மனிதரின் கண்களை ஷாங்க்லி நம்பினார். அந்த ஒரு நியமனத்தின் பயனை லிவர்பூல் கழகம் அடுத்த இருபது ஆண்டுகள் துய்த்தது எனில் மிகையாகாது.

டுவென்டிமன் தாம் கண்ட ஆட்டக்காரர்களைப் பற்றித் தம் கையாலேயே குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பெரிய நகரங்களை விட்டுச் சிறிய கழகங்களின் திடல்களுக்குச் சென்றார். 1971ஆம் ஆண்டில் ஸ்கன்தார்ப் என்னும் ஊரிலிருந்து கெவின் கீகன் வந்தார். உயரம் குறைந்தவர்; ஒருகாலத்தில் பித்தளைப் பொருள் செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்குக் கழகம் கொடுத்த விலை ஏறத்தாழ 35,000 பவுண்டு. ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் கழகத்திற்குச் சென்றபோது விலை ஐந்து இலட்சம் பவுண்டு. 1974இல் நார்தாம்ப்டனிலிருந்து வந்த பில் நீல், ஐரோப்பியக் கிண்ணத்தை நான்கு முறை வென்ற குழுக்களில் இடம்பெற்றார். 1980இல் செஸ்டர் கழகத்திலிருந்து வந்த இயன் ரஷ், லிவர்பூலுக்காக 346 கோல்கள் போட்டார். நான் மாணவனாக இருந்த அந்த எண்பதுகளில் ரஷ்ஷின் பெயரை அறியாத பையன் எங்கள் திடலில் இல்லை. டுவென்டிமன் என்னும் பெயரை அறிந்தவன் ஒருவனும் இல்லை.

இவர்களுள் என்னை மிகவும் சிந்திக்க வைப்பவர் ஆலன் ஹான்சன். பதினைந்து வயதில் லிவர்பூலுக்குத் தேர்வாட்டம் ஆட வந்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அதே கழகம் 1977இல் ஒரு இலட்சம் பவுண்டு கொடுத்து அவரை ஸ்காட்லாந்திலிருந்து வரவழைத்தது. பின்னாளில் தன் குழுத்தலைவராகவும் ஆக்கியது. ஒருவனைப் பற்றி முன்பு எழுதிய முடிவை இரும்பெழுத்தாகக் கொள்ளாமல் மீண்டும் சென்று பார்த்ததால் விளைந்த நன்மை இது.

அண்மைக் காலத்திலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. லெஸ்டர் சிட்டி கழகத்தின் தேர்வுப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஸ்டீவ் வால்ஷ், முன்னாளில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அவர் காலத்தில், 2012ஆம் ஆண்டில், ஐந்தாம் நிலைப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த ஜேமி வார்டி பத்து இலட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்டார். பதினாறு வயதில் உடல் சிறியது என்று ஒதுக்கப்பட்டு, மருத்துவப் பட்டைகள் செய்யும் ஆலையில் உழைத்துக்கொண்டே சிறு கழகங்களில் ஆடியவர் வார்டி. பிரான்சின் லெ ஹாவ்ர் கழகத்திற்கு வேறோர் ஆட்டக்காரரைக் காணச் சென்ற வால்ஷின் கண்ணில் மெலிந்த உடலினரான ரியாத் மஹ்ரெஸ் பட்டார். 2014இல் ஐந்து இலட்சம் பவுண்டுக்கும் குறைந்த விலையில் அவர் வந்து சேர்ந்தார். 2015இல் வந்த எங்கோலோ காண்டேயும் குள்ளமானவர் என்று இளமையில் பல கழகங்களால் ஒதுக்கப்பட்டவரே. அவரை வாங்கியே ஆகவேண்டும் என்று வால்ஷ் நிருவாகியிடம் விடாமல் வலியுறுத்தினார். அடுத்த ஆண்டு, 2016இல், பந்தயக்காரர்கள் ஐயாயிரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டிருந்த லெஸ்டர் குழு இங்கிலாந்தின் வெற்றிக் கிண்ணத்தை ஏந்தியது.

மூவரும் உருவத்தைக் கண்டு ஐயுறப்பட்டவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறுவர்களைத் தேர்ந்தெடுப்போர் பெரும்பாலும் அன்றைய உயரத்தையும் அன்றைய வலிமையையுமே காண்கின்றனர். கனடா நாட்டுப் பனித்தரை ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை 1985இல் வெளிவந்தது. ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தோரே சிறந்த குழுக்களில் மிகுதியாக இருந்தனர் என்று அது காட்டிற்று. இங்கிலாந்தின் காற்பந்துப் பயிற்சிக்கூடங்களிலும் இதே நிலை உண்டு. அங்கே கணக்கு செப்டம்பரில் தொடங்குவதால், செப்டம்பர்ப் பிள்ளைகள் மிகுந்திருப்பர். ஆகஸ்டுப் பிள்ளைகள் குறைந்திருப்பர். இறைவன் ஆற்றலை மாதம் பார்த்து வழங்குவதில்லை. பதினொரு மாத வளர்ச்சியைத் திறமை என்று நாம் பெயரிட்டு அழைக்கிறோம்.

நம் பள்ளிகளிலும் சனவரியில் பிறந்த பிள்ளையும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில், ஒரே வரிசையில் அமர்கின்றனர். ஏழு வயதில் பதினொரு மாதம் என்பது சிறு இடைவெளி அன்று. ஒருவன் பென்சிலை உறுதியாகப் பிடிப்பான். மற்றவன் விரல் நடுங்கும். ஒருவன் கெட்டிக்காரன் என்றும் மற்றவன் மந்தமானவன் என்றும் முதலாம் ஆண்டிலேயே பேச்சு எழுந்துவிடும். பின்னர் அப்பிள்ளை அந்தப் பேச்சுக்குத் தக்கவாறே வளரத் தொடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் காற்பந்துப் பொறுப்பாசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் சென்றார். பிள்ளைகளின் தொகை குறைந்த பள்ளி எங்களுடையது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் குழுவுக்கு ஆள் சேர்ப்பதே அரும்பாடு. அப்பொறுப்பை ஏற்க இருவர் இருந்தனர். ஒருவர் மாநில அளவில் ஆடிய இளம் ஆசிரியர். மற்றவர் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை. பந்தைக் காலால் உதைத்தறியாதவர். இருவரிடமும் தனித்தனியே, "நம் பள்ளியில் யாரைக் குழுவில் சேர்க்கலாம்?" என்று கேட்டேன்.

இளம் ஆசிரியர் விளையாட்டுப் போட்டியில் முதலில் வந்த ஆறு பேரின் பெயர்களைத் தயங்காமல் சொன்னார். அவை சரியான பெயர்களே. ஆசிரியையும் அவர்களுள் நால்வரைச் சொன்னார். பின்னர்ச் சற்றுத் தயங்கி, நான் எதிர்பாராத ஒரு பையனின் பெயரைச் சொன்னார். டிசம்பரில் பிறந்தவன், வகுப்பிலேயே சிறியவன், வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராதவன்.

"அவன் ஓட்டத்தில் பின்தங்குகிறவன் ஆயிற்றே, டீச்சர்?" என்றேன்.

"ஆமாம் ஐயா, வேகமாக ஓடமாட்டான். ஆனால் பந்து எங்கே வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிகிறது. மற்றவர்கள் ஓடி வந்து சேரும்போது அவன் அங்கே நின்றுகொண்டிருக்கிறான். ஓய்வு நேரத்தில் நான் பார்த்திருக்கிறேன்."

குழுவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமும் பயிற்சி தரும் பொறுப்பை இளம் ஆசிரியரிடமும் ஒப்படைத்தேன். இளம் ஆசிரியர் அதை மனமார ஏற்றுக்கொண்டது அவருடைய பெருந்தன்மை. அவ்வாண்டு எங்கள் குழு இரண்டாம் சுற்றோடு வீடு திரும்பியது. வட்டாரத் தேர்வுக்குச் சென்ற அச்சிறுவனை, உயரம் போதாது என்று ஒதுக்கிவிட்டனர். அதன்பின் இரண்டு வாரங்கள் அவன் திடல் பக்கமே வரவில்லை. ஆசிரியை அவனை அழைத்து, பந்துகளை எண்ணி வைக்கும் வேலையைக் கொடுத்தார். எண்ண வந்தவன் மீண்டும் ஆடத் தொடங்கினான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே இருந்த வெற்றிடங்கள் மெல்ல மெல்ல நிரம்பின. இன்று அவன் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். புகழ் பெற்ற ஆட்டக்காரனாக அவன் வருவானா என்று எவரும் சொல்ல இயலாது. பள்ளிக்கு நாள்தோறும் செல்கிறான் என்பதை மட்டும் நான் அறிவேன். எனக்கு அது போதும்.

நல்ல தேர்வாளர் கிடைத்துவிட்டால் எல்லாம் நன்றாக முடியும் என்றும் சொல்வதற்கில்லை. லெஸ்டரில் பெருவெற்றி கண்ட வால்ஷை 2016இல் எவர்ட்டன் கழகம் உயர்ந்த பதவி தந்து அழைத்துக்கொண்டது. மறு ஆண்டின் கோடையில் அக்கழகம் ஆட்டக்காரர்களுக்காகப் பத்துக் கோடி பவுண்டுக்கும் மேல் செலவிட்டது. எதிர்பார்த்த பலன் இல்லை, நிருவாகி நீக்கப்பட்டார், 2018இல் வால்ஷும் விலக நேர்ந்தது. கண்கள் அதே கண்கள்தாம், இடம் வேறு. லெஸ்டரில் வார்டி முதல் ஆண்டில் தடுமாறி, ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று எண்ணியபோது, அவரைத் தேற்றிக் காத்திருக்க அங்கே மனிதர் இருந்தனர். கண்டு சொல்பவர் ஒருவர். அவர் சொல்லைக் கேட்பவர் மற்றொருவர். வந்தவன் வளரும்வரை பொறுப்பவர் இன்னொருவர். இம்மூவரும் கூடினால்தான் தேர்வு பலிக்கும். வள்ளுவர் காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்திருப்பதன் அருமை இங்கே விளங்குகிறது. ஆளைத் தெரிவதற்கு முன் காலமும் இடமும். தெரிந்த பின் அவரை வினையில் அமர்த்தும் முறை.

இக்காலத்தில் கணினியும் இப்பணியில் புகுந்துவிட்டது. லிவர்பூல் கழகம் 2012இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற இயன் கிரஹாம் என்பவரை அமர்த்தி, ஆட்டங்களை எண்களாக ஆராயச் செய்தது. செல்சி கழகத்தில் வாய்ப்பின்றி இருந்து பின்னர் இத்தாலிக்குச் சென்ற முகமது சாலாவை 2017இல் லிவர்பூல் வாங்குவதற்கு அந்த எண்களும் துணை நின்றன. எண்களை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. உருவத்தைக் கண்டு மயங்கும் கண்ணை எண் திருத்தும். எண்ணில் அகப்படாததைக் கண் காணும். நம் நாட்டில் 1988 முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. ஒரே தாளில் பிள்ளையை அளந்துகொண்டிருந்த நாம், இப்போது ஆண்டு முழுவதும் வகுப்பறையில் பார்த்து மதிப்பிடும் கடமைக்கு ஆளாகியிருக்கிறோம். தேர்வுத்தாள் போய்விட்டது, ஆசிரியரின் கண் முன்னினும் கூர்மையாக இருக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

இவ்வளவு ஒப்புமை கூறினேன் ஆயினும், கழகத்திற்கும் பள்ளிக்கும் இடையே கடக்கவொண்ணாத வேற்றுமை ஒன்று உண்டு. கழகத்தின் தேர்வாளர் ஆயிரம் பேரைப் பார்த்து ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் வாயிலோடு திரும்பலாம். அவர்களைப் பற்றி எவரும் அவரிடம் கணக்குக் கேட்கமாட்டார். தமிழ்ப்பள்ளியின் வாயில் அத்தகையது அன்று. அங்கே வரும் பிள்ளை ஒவ்வொன்றும் முன்னமே தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை. பெற்றோர் எத்தனையோ பள்ளிகளுக்கிடையே நம்மைத் தேர்ந்தெடுத்து, தங்கள் குழந்தையை நம்மிடம் விட்டுச் செல்கின்றனர். அவர்களே தேர்வாளர்கள், நாமே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

ஆகையால், தேர்வாளரின் குறிப்பேட்டை ஆசிரியர் கடன் வாங்கலாம். அவரது பொறுமையைக் கடன் வாங்கலாம். ஒருமுறை வேண்டாம் என்றவனை மீண்டும் சென்று பார்க்கும் பண்பையும் கடன் வாங்கலாம். வேண்டாதவரைத் திருப்பி அனுப்பும் உரிமையை மட்டும் கடன் வாங்குதல் கூடாது. ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியரையோ ஒரு வகுப்புக்கு ஆசிரியரையோ நியமிப்போர், அவர் பெற்ற பட்டங்களைக் கேட்டபின் இன்னும் ஒரு கேள்வி கேட்பது நலம்: கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?