அஞ்சு ஃப்ராடும் ஒரு பெரியப்பாவும்

உங்களுக்குப் பிடித்த ஹீரோ யார் என்று கேட்டால் பளிச்சென்று ஒரு பேர் சொல்வீர்கள். நான் சொன்னால், ‘யாருப்பா அது, புது பிஸ்கட்டா?’ என்கிறார்கள். நேட் ஃபோர்ட், சோஃபி, எலியட், ஹார்டிசன், பார்க்கர். அஞ்சு பேரும் அக்மார்க் ஃப்ராடுகள்!

பதறாதீர்கள். ‘லெவரேஜ்’ என்ற அமெரிக்க டி.வி. தொடரில் வருகிற ஆசாமிகள். 2008 டிசம்பரில் ஆரம்பித்து 2012 டிசம்பரில் முடிந்தது. அஞ்சு சீசன், 77 எபிசோட். கதை ரொம்ப சிம்பிள். நேட் ஃபோர்ட் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் துப்பறிகிற வேலை பார்த்தவர். கம்பெனிக்கு லட்சம் லட்சமாய் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர். அவர் பையனுக்கே உடம்பு முடியாமல் போனபோது அதே கம்பெனி வைத்தியச் செலவுக்குக் கையை விரித்துவிட, பையன் போய்விடுகிறான். மனுஷன் குடியில் விழுந்து, பிறகு எழுந்து, தான் ஒரு காலத்தில் துரத்திய திருடர்களையே கூட்டாளி சேர்த்துக்கொள்கிறார். பெரிய மனுஷனிடம் ஏமாந்த சின்ன மனுஷன் எவனாவது அழுதுகொண்டு வருவான். இந்த அஞ்சு பேரும் அந்தப் பெரிய மனுஷனை ஏமாற்றி, பணத்தை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கைதட்டல் வாங்காமல் போய்விடுவார்கள். கைதட்ட நான் இருக்கிறேனே!

2013-ல் திருச்சி மேன்ஷனில் ரூம்மேட்டின் ஹார்ட் டிஸ்க்கில் ஆரம்பித்த பழக்கம். இப்போது ஆலங்குடியில் வீடு, புதுக்கோட்டையில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் அக்கவுன்ட்ஸ் வேலை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எபிசோடும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். திருவரங்குளம் தாண்டும்போது வில்லன் தலை நிமிர்ந்து சிரிப்பான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் நுழையும்போது போலீஸ் ஜீப்பில் ஏறியிருப்பான். என் வசதிக்காகவே எடுத்தது போல இருக்கும்.

அந்தத் தொடரின் எபிசோட் பெயரெல்லாம் ‘தி நைஜீரியன் ஜாப்’, ‘தி ஹோம்கமிங் ஜாப்’ என்று ‘ஜாப்’பில்தான் முடியும். அந்த வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. 20-ம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்தால் அது ‘தி ட்வென்டியத் ஜாப்’. வண்டிக்கு எஃப்.சி. எடுக்கப் போனால் ‘தி ஆர்.டி.ஓ. ஜாப்’. ஒருநாள் என் மனைவி மளிகை லிஸ்ட்டைக் கொடுத்து, “இந்தாங்க, தி துவரம்பருப்பு ஜாப்” என்றாள். வீட்டில் மட்டும் எனக்கு டீம் கிடையாது. தனி ஆள்தான்.

சும்மா கற்பனை என்று நினைக்காதீர்கள். பிக்பாக்கெட் காட்சிகள் நம்பும்படி இருக்க வேண்டும் என்று அப்போலோ ராபின்ஸ் என்கிற மேடை பிக்பாக்கெட் மன்னரையே ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். அதிலும் எனக்குப் பிடித்தது சோஃபி. மேடையில் ஏறி நாடகம் நடித்தால் சகிக்காது; ஜனங்கள் நெளிவார்கள். அதே அம்மாள் ஒரு ஏமாற்று வேலைக்கு வேஷம் கட்டினால் ராணி என்றால் ராணி, டாக்டர் என்றால் டாக்டர்! நம் ஆபீஸிலும் பார்த்திருக்கிறேன். ஆண்டு விழா நாடகத்தில் இரண்டு வரி வசனம் வராத ஆசாமி, லீவு கேட்கும்போது காட்டுகிற முகபாவம் இருக்கிறதே... அடடா!

லெவரேஜுக்கு அண்ணன் ஒருவர் உண்டு. பி.பி.சி.யில் 2004-லிருந்து 2012 வரை வந்த ‘ஹஸில்’. லண்டன் ஃப்ராடுகள். இவர்களும் பேராசைக்காரப் பணக்காரனைத்தான் அடிப்பார்கள். எடி என்பவரின் பாரில் உட்கார்ந்து திட்டம் போட்டுவிட்டு, பில்லுக்குப் பணம் கொடுக்காமல் எழுந்து போவார்கள். லட்சம் பவுண்டு அடித்த அன்றைக்கும் எடிக்கு நாமம்தான். (எங்கள் கடைக்கு எதிரே டீ ஸ்டால் வைத்திருப்பவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) திடீரென்று சுற்றிலும் எல்லோரும் சிலையாய் நிற்க, இவர்கள் மட்டும் நம் பக்கம் திரும்பி, ‘இப்ப என்ன நடக்குதுன்னா...’ என்று விளக்குவார்கள். ஆகா, என்ன உத்தி என்று வெள்ளைக்காரன் மெய் சிலிர்த்திருப்பான். எங்கள் ஜில்லாக்காரனுக்கு இது புதுசே இல்லை. திருவிழாவில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ பார்த்தவன் நான். பபூன் பாதி நாடகத்தில் நம்மிடம் திரும்பி அதே வேலையைத்தானே செய்கிறார்?

பிறகு ‘ஒயிட் காலர்’ என்று ஒன்று. பிடிபட்ட ஃப்ராடு காலில் ஒரு கருவியை மாட்டி, ரெண்டு மைல் தாண்டக்கூடாது என்று சொல்லி, எஃப்.பி.ஐ. வேலைக்கு வைத்துக்கொள்ளும் கதை. நியூயார்க்கில் அது தண்டனை. கீழ ராஜ வீதியில் நிறுத்தி அதே கருவியை மாட்டினால், பையன் ஊருக்குள்ளேயே நிம்மதியாகக் காலம் தள்ளிவிடுவான்.

நம்மூரிலும் ஒன்று வந்தது. 2014-ல் எச்.வினோத் எடுத்த ‘சதுரங்க வேட்டை’. மண்ணுளிப் பாம்பு, ரைஸ் புல்லிங் என்று நாம் டீக்கடையில் கேட்ட சமாச்சாரமெல்லாம் அதில் இருக்கும். நட்டி பேசப் பேச தியேட்டரில் விசில். எனக்கு மட்டும் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மனுஷர் சிரிக்கவே இல்லை. எந்தப் பாம்பில் எவ்வளவு போட்டாரோ!

சரி, லெவரேஜ் டீம் புதுக்கோட்டைக்கு வந்தால் என்ன ஆகும்? பலநாள் யோசித்திருக்கிறேன். பார்க்கர் முப்பது மாடியிலிருந்து கயிறு கட்டிக் குதிப்பவள். இங்கே மூணாவது மாடிக்கு மேல் தேட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. சோஃபி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ‘நான் சிங்கப்பூர் முதலீட்டாளர்’ என்று ஒரு வீட்டில் போய் நின்றால், முதல் கேள்வி என்ன வரும்? “சொந்த ஊரு எதும்மா?” அடுத்தது, “அங்க யாரு வீடு?” மூணாவது கேள்வியில் இவள் யாருக்கு என்ன முறை என்று கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். அத்தோடு வேஷம் காலி! எங்கள் பக்கம் முன்பின் தெரியாதவன் வந்து ஏமாற்றுவது சாமானியமில்லை என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெருமை சரிதான். எங்களை ஏமாற்ற முன்பின் தெரியாதவன் வருவதே இல்லை.

ஆலங்குடிப் பக்கம் பெரியப்பாவுக்கு ரெண்டு ஏக்கர் தென்னை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்ததே, நினைவிருக்கிறதா? விடிந்து பார்த்தால் தோப்பு படுத்துக் கிடந்தது. சுமார் நூற்று நாற்பது மரம். அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தது. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. அந்தப் பணத்தோடு மாடு விற்றது, கையிருப்பு எல்லாம் சேர்த்து மூணு லட்சம் பாங்கில் போட்டார். 2019-ல் புதுக் கன்று வைத்தார். நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வர ஆறு, ஏழு வருஷம் ஆகும். அதுவரை?

2021-ல் அந்த ‘அதுவரை’க்குப் பதில் வீட்டுக்கே வந்தது. பெரியம்மாவின் அண்ணன் மகன். எனக்கு மச்சான் முறை. ஒரு நிதி நிறுவனத்துக்கு (ஊர், பேர் வேண்டாம்) ஏஜென்ட் ஆகியிருந்தான். லட்சத்துக்கு மாசம் 6,000. பாங்கில் ஒரு வருஷம் கிடப்பில் போட்டால் கிடைக்கிற வட்டி அங்கே மாசா மாசம். “கன்னு காய்க்கிற வரைக்கும் இது காய்க்கட்டும் மாமா” என்றானாம். ஏழு மாசம் ஒழுங்காய்க் காய்த்தது. எட்டாவது மாசம் ஷட்டர் இறங்கிவிட்டது.

ஏமாந்தவனைப் பார்த்து, ‘பேராசை, நல்லா வேணும்’ என்பது நம்மில் பலருக்கு வாய்ப்பாடு. என் ‘ஹஸில்’ ஹீரோக்களும் இதைத்தான் வேதம் போலச் சொல்வார்கள்: யோக்கியனை ஏமாற்ற முடியாது, பேராசைக்காரன்தான் விழுவான் என்று. எத்தனையோ தடவை தலையாட்டி ரசித்த வசனம். பெரியப்பா விஷயத்தில் எனக்கு அது பொருந்தவே இல்லை. அவர் பங்களா கேட்கவில்லை. ஏழு வருஷம் அரிசி வாங்கக் கேட்டார். அந்தத் தத்துவம் யாருக்கு வசதி தெரியுமா? ஏமாற்றுகிறவனுக்கும், டிக்கெட் வாங்கிப் பார்க்கிற நமக்கும்.

பெரியப்பா போலீசுக்குப் போக மாட்டேன் என்றார். “உங்க பெரியம்மா பொறந்த வீட்டு மேல நானே கம்ப்ளைன்ட் எழுதிக் குடுக்கவா? ஊரு சிரிக்கும்ப்பா.” பெரியம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. மூணு லட்சம் போனதைவிட அந்த வீட்டில் பேச்சு நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இங்கேதான் என் டி.வி. பைத்தியம் கை கொடுத்தது. டேவிட் மாரர் என்று ஒரு அமெரிக்க மொழியியல் பேராசிரியர். ஏமாற்றுக்காரர்களின் குழூஉக்குறியைச் சேகரிக்கப் போய், அவர்கள் தொழிலையே அக்குவேறு ஆணிவேறாக 1940-ல் ‘தி பிக் கான்’ என்று புத்தகமாகப் போட்டுவிட்டார். ஃப்ராடு தொடர்களுக்கெல்லாம் அதுதான் பாட புஸ்தகம். அதில் இரண்டு கட்டம் முக்கியம். ஒன்று, ‘கன்வின்சர்’. முதலில் இரைக்குக் கொஞ்சம் ஜெயித்துக் காட்டுவது. இன்னொன்று கடைசிக் கட்டம், ‘ப்ளோ ஆஃப்’. ஏமாந்தவன் புகார் கொடுக்காமல் வீட்டுக்குப் போக ஏற்பாடு செய்வது. அந்த ஊரில் இதற்காக வாயில் போலி ரத்தப் பை வைத்துக் கடித்து, துப்பாக்கியால் சுட்டுச் செத்தது போல நடிப்பார்களாம். எவ்வளவு செலவு! நம்மூரில் சல்லிக்காசு செலவில்லை. சொந்தக்காரனை ஏஜென்ட்டாகப் போட்டால் போதும். மானமே ‘ப்ளோ ஆஃப்’.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுக்கு லேப்டாப்போடு போனேன். “ஒரு படம் பாருங்க” என்று ‘ஹஸில்’ போட்டேன். இங்கிலீஷை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். முதல் தடவை போட்ட பணத்துக்கு லாபம் வந்ததும் அந்தப் பணக்காரன் குஷியாய்ச் சிரித்தான். பெரியப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார்.

“நிறுத்துப்பா... இது அந்த ஏழு மாச வட்டி மாதிரில்ல இருக்கு?”

“அதேதான் பெரியப்பா. அது வட்டியே இல்ல. உங்களுக்கப்புறம் சேர்ந்தவங்க கட்டின பணம்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்தப் பயலுக்கும் இப்படித்தான் காட்டியிருப்பானுகளோ?” என்றார். மச்சானைக் கேட்கிறார்! நான் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவன் பெண்டாட்டி நகையை அடகு வைத்து அவனும் போட்டிருந்தான். அவன்தான் முதல் இரை.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. பாண்ட் பேப்பர், பாங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் எல்லாவற்றையும் சேர்க்க ரெண்டு மாசம். டெபாசிட்தாரர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, போட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அதில் வழி உண்டு. சென்னை, கோவை, மதுரையில் அதற்கென்றே கோர்ட் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தவன் பேர்தான் பட்டியலில் ஏறும். கௌரவம் பார்த்து வீட்டில் உட்கார்ந்தவன் பங்கை யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். இதைச் சொன்ன பிறகுதான் பெரியப்பா சட்டையை மாட்டினார்.

திருச்சிக்குப் பஸ் ஏறினோம். மூணு பேர். ஆமாம், மச்சானும் புகார்தாரர்! மூணு பேர் சீட்டில் நடுவில் நான். இந்தப் பக்கம் பெரியப்பா ஜன்னலைப் பார்க்கிறார், அந்தப் பக்கம் அவன் கண்டக்டரைப் பார்க்கிறான். கீரனூர் தாண்டும் வரை ஒரு வார்த்தை இல்லை. திருச்சியில் இறங்கியதும் டீக்கடையில் பெரியப்பா மூணு டீ சொன்னார். மச்சான் காசு எடுக்கப் போக, “வைடா. உங்கிட்ட ஏதுடா காசு?” என்றார். அவ்வளவுதான். அவன் கடை வாசலில் நின்று அழுதுவிட்டான்.

பொருளாதாரக் குற்றப் பிரிவு அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் பெரிய க்யூ. ரிட்டயர்டு வாத்தியார், பூக்கடை அம்மா, சவூதியிலிருந்து வந்த பையன். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் எல்லோரையும் சேர்த்துவிட்டது தெரிந்தவர்தான். மாமா, சம்பந்தி, கூட வேலை பார்த்தவர். முகமூடி போட்ட ஒருத்தன்கூட இல்லை.

வழக்கு நடக்கிறது. பணம் இன்னும் வரவில்லை. நேட் ஃபோர்ட் 42 நிமிஷத்தில் முடிக்கிறதை கோர்ட் முடிக்காது. தோப்பில் முதல் பாளை வந்துவிட்டது. பெரியம்மா அண்ணன் வீட்டுக்குப் போய் மூணு நாள் தங்கிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பெரியப்பா வீட்டில் ‘லெவரேஜ்’ ஓடுகிறது. அவருக்கு எலியட்தான் உசிர். அடிதடி ஆள் ஆச்சே! மச்சானும் சிலசமயம் வருகிறான், கதவோரம் உட்கார்ந்து பார்க்கிறான். பெரியம்மாவுக்குக் கதை பிடிபடவில்லை. அவருக்கு ஒரே ஒரு கவலைதான்.

“ஏன் தம்பி, அந்தப் பொண்ணு சோஃபி இத்தனை வேஷம் போடுறாளே, அந்த நேட்டுப் பய அவளைக் கட்டிக்குவானா, மாட்டானா?”

“77-வது எபிசோட் வரைக்கும் பொறுங்க பெரியம்மா!”