புளி, வினிகர், ஒரு அம்பாசிடர்!

"இன்னும் பத்து நாள்ல காயலாங்கடைக்காரர் வந்து காரை எடுத்துட்டுப் போயிடுவாரு. அந்தக் காசுலதான் உனக்கு அடுத்த செமஸ்டர் ஃபீஸ்!"

லீவுக்கு வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில், தட்டில் இரண்டாவது இட்லி விழும்போது அப்பா சொன்னது இது. அதுக்கப்புறம் இட்லி எங்கே இறங்கும்?

எங்க ஊர் கடலூர். வீட்டிலிருந்து கடற்கரைக்கு சைக்கிளில் பத்து நிமிஷம். வீட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் நின்னுக்கிட்டு இருக்கிறது எங்க வெள்ளை அம்பாசிடர். 1994 மாடல், டீசல் வண்டி. நான் பிறந்த வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கி, பதிமூணு வருஷம் டாக்ஸியா ஓட்டினார் அப்பா. எத்தனையோ கல்யாணம், பிரசவம், ஏர்போர்ட் சவாரி. கடைசி ஏழு வருஷமா அப்பா வேற ஒருத்தரோட கார்ல டிரைவர். எங்க வண்டி மரத்தடியில் கோழிக்கு வீடு.

நான் படிக்கிறது மெக்கானிக்கல், மூணாவது வருஷம். முதல் வருஷத்து என்ஜினீயரிங் கெமிஸ்ட்ரி இன்னும் அரியர். அந்தப் பேப்பரில் துருப்பிடிக்கிறதைப் பத்தி ஒரு யூனிட்டே இருக்கு என்பது எங்க அப்பாவுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் நல்லது!

"பத்து நாள் டைம் குடுங்கப்பா. துருவை எடுத்து, வண்டியை ஓட வெச்சுக் காட்டறேன்."

அப்பா ஒண்ணும் சொல்லலை. அம்மாகிட்ட சட்னி கேட்டார்.

முதல் நாளே மூக்குடைப்பு. ஒரு நட்டுகூட அசையலை. ஸ்பேனரைப் பிடிச்சுத் தொங்கினேன், ஏறி நின்னேன்... ம்ஹூம். தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துச் சிரிச்சார். "தம்பி, இரும்பு துருவாகும்போது முன்னைவிட அதிக இடத்தை அடைச்சுக்கும். மரையில அதுக்கு ஏது இடம்? அதான் கவ்விப் பிடிச்சிருக்கு. கொஞ்சம் டீசலைச் சொட்டு சொட்டா விட்டுட்டு ராத்திரி முழுக்க ஊற விடு." மறுநாள் காலையில் பத்தில் ஏழு நட்டு கழண்டுது. மூணு வருஷ காலேஜ் சொல்லித் தராததை மூணு ஸ்பூன் டீசல் சொல்லித் தந்தது!

கழட்டின சாமானை எல்லாம் குவிச்சேன். பம்பர் பிராக்கெட், கதவுக் கீல், வீல் நட்டு, ஜாக்கி, வீல் ஸ்பேனர், யு-போல்ட். எல்லாமே ஒரே நிறம், செங்கல் நிறம். இனி சுத்தம் பண்ணணும். கையில் காசு இல்லை. ஆனா அம்மாவோட சமையலறை இருக்கே!

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பாங்களே, அதே டெக்னிக். புளியில் இருக்கிறது டார்டாரிக் அமிலம். வினிகரில் அசிட்டிக் அமிலம், கடையில் விக்கிறதில் நாலு, அஞ்சு சதவிகிதம்தான் இருக்கும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்புன்னு கேட்டா கிடைக்கிற வெள்ளைத்தூள் சிட்ரிக் அமிலம். மூணுமே துருவைக் கரைச்சு இழுக்கும். மூணு பழைய பெயின்ட் வாளியில் மூணையும் தனித்தனியா கரைச்சு, ஆளுக்கு நாலு சாமான் போட்டேன்.

"குழம்புக்கு வாங்கின புளியைக் காருக்குக் கரைக்கறியேடா!" என்று அம்மா ஒரு பாட்டம் தீர்த்தாங்க.

ரிசல்ட்? புளி, மேலாகப் படிஞ்ச துருவுக்கு ஓகே. ஆனா தேய்ச்சுத் தேய்ச்சு கை போச்சு. வினிகர் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கிட்டுது, வேலை சுத்தம். ஆனா லிட்டர் கணக்கில் வாங்கினா பர்ஸ் கரையும். சிட்ரிக் ஆசிட்தான் ஹீரோ. ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஐம்பது கிராம். சில மணி நேரத்திலேயே துரு கறுப்பு சேறா இளகிடுச்சு. தேங்காய் நாரால் தேய்ச்சா, உள்ளே இருந்து சாம்பல் நிறத்தில் நிஜமான இரும்பு. கத்தணும்போல இருந்தது. கத்தினேன். கோழி ஓடிப்போச்சு.

சந்தோஷம் ஒரு மணி நேரம்கூட நிலைக்கலை. கழுவி வெயிலில் வெச்சுட்டு டீ குடிச்சு வந்தா, எல்லாத்து மேலயும் மறுபடி மஞ்சளா ஒரு படலம்! அமிலம் ஒட்டிக்கிட்டு இருக்கிற ஈர இரும்பைக் காத்து சும்மா விடாது. அதுவும் எங்க ஊர் உப்புக்காத்து. துருப்பிடிக்கத் தண்ணியும் ஆக்சிஜனும் போதும், உப்பும் சேர்ந்துட்டா வேலை படுவேகம். அதனால வாளியிலிருந்து எடுத்ததும் ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில் ஒரு முக்கு. நல்ல தண்ணியில் அலசி, உடனே துணியால் துடைச்சு, சூடாக்கி ஈரம் போக்கி, எண்ணெய் தடவணும். பெயின்ட் அடிக்கிற சாமான்னா எண்ணெய்க்குப் பதிலா ரெட் ஆக்சைடு. நடுவில் டீ குடிக்கவே கூடாது!

அடுத்த சொதப்பல் இன்னும் பெரிசு. கதவுக் கைப்பிடி நாலையும் வினிகரில் போட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில் குரோம் பூச்சு உரிஞ்சு, உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருந்தது. உள்ளே இருந்தது இரும்பே இல்லை, துத்தநாகக் கலவை. அமிலத்துக்கு அது அல்வா. "காந்தம் ஒட்டுதான்னு பார்த்துட்டுப் போடக் கூடாதா?" என்றார் மெக்கானிக் அண்ணன். ஒட்டினாலும் குரோம் பூசின சாமானை ஊறப் போடாதே என்றும் சொன்னார். எதிர்வீட்டு மாமா, "பாத்ரூம் ஆசிட் ஊத்துப்பா, அஞ்சே நிமிஷம்!" என்று ஐடியா கொடுத்தார். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவோடு நல்ல இரும்பையும் தின்னும், அதோட புகை பக்கத்தில் இருக்கிற ஸ்பேனரையும் துருப்பிடிக்க வைக்கும், நம்ம நுரையீரலுக்கும் ஆகாது. பிளீச்சிங் பவுடரோடு கலந்துட்டா விஷ வாயுவே வரும். வேண்டவே வேண்டாம் பாஸ்!

அஞ்சாவது நாள், ஒரு அதிசயம். யு-போல்ட் நாலுக்கும் கரன்ட் வைத்தியம் பண்ணிக்கிட்டு இருந்தேன். பிளாஸ்டிக் வாளித் தண்ணியில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா. கார் பேட்டரி சார்ஜரோட நெகடிவ் ஒயர் துருப்பிடிச்ச சாமானுக்கு, பாசிடிவ் ஒயர் பழைய கட்டுக்கம்பிக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது. ஸ்விட்சைப் போட்டதும் சோடா பாட்டில் மாதிரி குமிழி! அது ஹைட்ரஜன், தீப்பிடிக்கும். அதனால வெட்டவெளியில்தான் செய்யணும், பீடி, தீக்குச்சி பக்கத்தில் வரக் கூடாது. சார்ஜரை ஆஃப் பண்ணாம தண்ணியில் கை வைக்கக் கூடாது. கட்டுக்கம்பிக்குப் பதிலா எவர்சில்வர் கரண்டியை மாட்டக் கூடாது, அதிலிருக்கிற குரோமியம் விஷமா தண்ணியில் இறங்கும்.

சவாரி முடிஞ்சு வந்த அப்பா யூனிஃபார்மோட வாளி பக்கத்தில் குந்தினார். "என்னடா நடக்குது?"

"இரும்பு எலெக்ட்ரானை இழந்துதான் துருவாகுதுப்பா. நாம அதைத் திருப்பிக் குடுக்கறோம்."

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். போன ரிசல்ட்டுக்கு அப்புறம் என் படிப்பைப் பத்தி அவர் என்கிட்ட எதுவும் கேட்டதே இல்லை. இப்ப கேட்டார். "குடுத்தா, போன இரும்பு திரும்ப வந்துடுமா?"

பரீட்சையில் கேட்டிருந்தா பாஸ் ஆகியிருப்பேனா தெரியாது. "கொஞ்சம் துரு கறுப்பா மாறி உதிர்ந்துடும்ப்பா. அங்கே இருந்த இரும்பு போனது போனதுதான்."

அப்பா சட்டையை மடிச்சுவிட்டு, தேங்காய் நாரைக் கையில் எடுத்தார். அன்னைக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் ரெண்டு பேரும் தேய்ச்சோம். எந்த நட்டை எந்த ஊர்ல பஞ்சர் ஆனப்போ கழட்டினேன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை சொன்னார்.

எட்டாவது நாள் கிளைமாக்ஸ். பிரேக் பைப். பின்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் போகுமே, அந்த மெல்லிசு இரும்புக் குழாய். சிட்ரிக் ஆசிட்டில் குளிச்சுப் பளபளன்னு வந்திருந்தது. பெருமையா மெக்கானிக் அண்ணன்கிட்ட நீட்டினேன். அவர் ஒண்ணுமே பேசலை. ஸ்க்ரூ டிரைவர் நுனியை வெச்சு லேசா அழுத்தினார். பொத்துக்கிட்டு உள்ளே போச்சு.

"துரு இருந்த வரைக்கும் பயந்து மாத்தியிருப்போம். நீ பாலிஷ் போட்டு பயத்தை மறைச்சிட்டே. இதை மாட்டிட்டு உங்கப்பாவை ஓட்டச் சொல்லுவியா?"

எனக்கு வேர்த்துப்போச்சு. பாண்டிச்சேரி ரோட்டுல, எதிரே பஸ் வர்றப்போ அப்பா பிரேக்கை மிதிக்கிறார்... மேலே நினைக்க முடியலை.

அண்ணன் விடலை. காருக்குள்ள மேட்டைத் தூக்கச் சொன்னார். டிரைவர் சீட்டுக்குக் கீழே தகரத்தின் வழியா மண்ணு தெரிஞ்சது. ஓரத்துச் சட்டத்தில் விரல் வெச்சா அப்பளம் மாதிரி நொறுங்குது. லாரிக்கு இருக்கிற மாதிரி அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் அதோட எலும்பு. எலும்பே போனப்புறம் எந்த வாளியில் ஊற வைக்கிறது?

துரு என்பது இரும்பு மேல படிஞ்ச அழுக்குன்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். இல்லைங்க. நேத்து வரைக்கும் இரும்பா இருந்ததுதான் இன்னைக்குத் துரு. புளியும் வினிகரும் மிச்சம் எவ்வளவு இருக்குன்னு காட்டும். போனதைக் கொண்டுவராது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தந்த நிலத்தில் 1953-லிருந்து மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நடக்குது. துருவைத் தடுக்கிறதை அங்கே ஒரு பெரிய ஆராய்ச்சியாகவே செய்யறாங்க. வந்தபிறகு சுரண்டறதைவிட வராம காப்பாத்தறதுதான் புத்திசாலித்தனம்னு எனக்குப் புரிய ஒரு கார் தேவைப்பட்டது.

அப்பாகிட்ட நானே போய்ச் சொன்னேன். "ஓடாதுப்பா. ஓட வைக்கவும் கூடாது."

"எனக்கு ரெண்டு வருஷமாவே தெரியும்டா" என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீ எதையாவது உக்காந்து முழுசா செய்யறியான்னு பார்த்தேன்."

அந்த வேலை வீணாகலை. அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்னுபோச்சு, நல்ல ஸ்பேருக்குத் தேடல் இருக்கு. கல்யாண ஊர்வலத்துக்கு அம்பாசிடர் வாடகைக்கு விடுறவர் ஒருத்தர், மெக்கானிக் அண்ணன் தட்டிப் பார்த்து ஓகே சொன்ன கீல், பிராக்கெட், நட்டு எல்லாத்தையும் நாலாயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கிட்டுப் போனார். பத்தாவது நாள் காயலாங்கடை லாரி வந்தது. அப்பா வெளியே வரலை. நான்தான் நின்னு ஏத்திவிட்டேன்.

மறுநாள் அப்பா ஓட்டுற காரோட டிக்கியைத் திறந்தேன். ஓரமா எங்க அம்பாசிடரோட வீல் ஸ்பேனர், நாங்க ரெண்டு பேரும் தேய்ச்சது, எண்ணெய் பூசி, பழைய துணியில் சுத்தி. அந்தக் காருக்கு அது பொருந்தாது. நான் எதுவும் கேட்கலை.

ஃபீஸ் கட்டியாச்சு. கெமிஸ்ட்ரி அரியர் எக்ஸாம் அடுத்த மாசம். துருவைப் பத்திப் பெரிய கேள்வி வந்தா, அடிஷனல் ஷீட் கேட்கப்போற முதல் ஆள் நான்தான்!