கல்லில் இருந்த பெயர்

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில், திருத்தணியில் எங்கள் பங்கின் பழைய கல்லறைகளைத் துலக்கிவிட வேண்டும் என்னும் ஆசை எனக்குத் தோன்றியது. ஆண்டுதோறும் அடித்த சுண்ணாம்பு தடித்துப்போய், எந்தக் கல் யாருக்குரியது என்றே தெரியவில்லை. குருத்துவக் கல்லூரியில் இறையியல் கற்றவனுக்குக் கைத்தொழில் பழக வாய்ப்பேது? அக்குறையும் தீரட்டும் என்று கல்தச்சர் ஒருவரிடம் கைக் கிரைண்டரை இரவல் வாங்கினேன்.

அவர் பாடம் சுருக்கமானது. சில்லை மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். நான்கு அங்குலச் சில்லு நிமிடத்துக்கு 11,000 சுற்றளவில் சுழல்வதால், விரிசல் கண்டதை மாட்டலாகாது. காப்பு மூடியைக் கழற்றலாகாது. வேலை முடிந்ததும் காற்றுத் துளைகளில் அடைந்த தூசியை ஊதி நீக்காவிடில் மோட்டார் சூடேறிக் கருகும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் உள்ளே பொறி பறக்கும். உடனே மாற்ற வேண்டும். மூக்கில் துண்டைக் கட்டி நின்ற என்னைக் கண்டு, நுண்தூசிக்குத் துணி தடையாகாதென்று தம் முகமூடியையும் தந்தார். கருங்கல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணமாக்க மருந்தில்லை என்பது அத்தொழிலாளர் குடும்பங்கள் அறிந்ததே. "அழுத்தாதீங்க சாமி, மிஷின் எடையே போதும்" என்றார் கடைசியாக.

எல்லாவற்றையும் கடைப்பிடித்தேன், அந்தக் கடைசிச் சொல்லைத் தவிர.

வெள்ளை நீங்கி முதற்கல் வெளிப்பட்டபோது எனக்குப் பெருமிதந்தான். அது ஆந்திரத்திலிருந்து வரும் கடப்பைக் கல். கருங்கல்லைப் போலக் கடினமானதன்று. அதுவும் சுண்ணாம்புக் கல் வகையே. மேற்பூச்சும் அடிக்கல்லும் ஒரே குலம் என்பதால் அமிலம் ஊற்றினாலும் இரண்டையும் சேர்த்தே அரிக்கும். நீரில் ஊறவைத்து மூங்கிற் சிராயால் பொறுமையாகச் சுரண்டியிருக்க வேண்டும். அதற்கு நாட்கணக்காகும். நான் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

மறுநாள் வந்த மூதாட்டி ஒருவர் அக்கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். "எங்கம்மா பேரு இங்கதான் இருந்துச்சு, சாமி." சுண்ணாம்பு ஏறுமுன், சிறுமியாயிருந்த தம் விரலைப் பிடித்துத் தந்தையார் அவ்வெழுத்துகளின்மேல் ஓட்டிக் காட்டினாராம். அவருக்குத் தெரிந்த எழுத்துகள் அவை மட்டுமே. இறப்புப் பதிவேட்டில் பெயரைத் தேடிக் காட்டினேன். மரியாதைக்காகப் பார்த்தார்.

இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 9ஆம் நூற்றாண்டின் எழுத்துகள். தமிழகக் கோயில்களில் திருப்பணியின்போது மணல் வீச்சு எந்திரத்தால் சுவர்களைச் சுத்தம் செய்து கல்வெட்டுகளை மழுங்கடித்ததைத் தொல்லியல் அறிஞர்கள் கண்டித்ததைப் படித்து, நானும் சினந்ததுண்டு. அந்தச் சினம் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

கல்தச்சர் மாலையில் வந்தார். இருட்டியதும் டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். இரண்டு எழுத்தின் அடிப்பகுதியும், ஆழமாய் வெட்டிய ஒரு புள்ளியும் நிழலாய்த் தெரிந்தன. புதிதாக வெட்டித் தருவதாகச் சொன்னார். மூதாட்டி வேண்டாமென்று தலையசைத்து, அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

கிரைண்டரை ஊதித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நவம்பர் 2ஆம் நாளுக்குள், மூங்கிற் சிராயால் நான்கு கற்களே முடிந்தன.